வெள்ளைப் பட்டணத்தில் வெண்டைக்காய்

டிப்ஸோடு சேர்த்து 1,300 ரூபாய். மூன்று பேர் சாப்பிட்டதற்கு. கல்கத்தாவில் டால்ஹவுசி ஸ்கொயர் பக்கம் ஒரு சைவ ஓட்டல். இரண்டு தாலி, ஒரு மசால் தோசை, ஒரு பிளேட் வெஜிடபிள் சாப், மூன்று காபி. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பில்லைப் படித்தார். "ஏண்டா, இந்தக் காசுக்கு ஊரையே விலைக்கு வாங்கலாமே!" என்றார்.

வாங்கியிருக்கிறார்கள் சித்தப்பா. இதே ஊரை. இதே தொகைக்கு.

1698, நவம்பர் 10. இடம், நான் குடியிருக்கும் பெஹாலா. அதற்குள் பரிஷா என்றொரு பேட்டை. அங்கே சபர்ண ராய் சௌதுரி என்ற ஜமீன் குடும்பத்துக்கு ஓர் ஆட்சாலா இருந்தது. எட்டுச் சாய்வுக் கூரை போட்ட கச்சேரி மண்டபம். சுதானுடி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களை அங்கே வைத்துத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1,300 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். ரைட்டர்ஸ் பில்டிங், ஹைகோர்ட், கவர்னர் மாளிகை, கோட்டை மைதானம், நாங்கள் சாப்பிட்ட ஓட்டல், அதில் எங்கள் மேஜையின் ஆடும் கால் உட்பட எல்லாம் அந்த 1,300-க்குள் அடக்கம். ஜிஎஸ்டிகூட தனியாக இல்லை.

'ஐயோ, ஏமாந்துட்டாங்களே' என்று உடனே உச்சுக்கொட்டாதீர்கள். எழுதிக் கொடுத்தது நிலத்தை அல்ல, வரி வசூலிக்கும் உரிமையை. அதையும் அந்தக் குடும்பம் மனசார எழுதிக் கொடுக்கவில்லை; மேலிடத்து பிரஷர். மேலிடம் என்றால் ஔரங்கசீப்பின் பேரன் அஜீம் உஷ்ஷான், அப்போதைய வங்காள சுபேதார். அனுமதி கொடுக்க அவர் கம்பெனியிடம் கறந்தது 16,000 ரூபாய். உரிமைக்காரருக்கு 1,300, புரோக்கருக்கு 16,000. நம் ஊர் ரியல் எஸ்டேட் பார்ட்டிகள் அந்தப் பேரனின் போட்டோவை மாட்டி ஊதுபத்தி ஏற்றலாம்.

கதை அங்கே முடியவில்லை. முந்நூறு வருஷம் கழித்து அதே ராய் சௌதுரி குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. ஊரைத் திருப்பிக் கேட்கவா? இல்லை. பர்த்டே பார்ட்டியை நிறுத்தச் சொல்லி! ஜாப் சார்னாக் என்ற கம்பெனி ஏஜென்ட் 1690 ஆகஸ்ட் 24 அன்று சுதானுடி கரையில் இறங்கினார், அதுவே கல்கத்தாவின் பிறந்தநாள் என்று பாடப்புத்தகம் வரை எழுதி வைத்திருந்தார்கள். 'அவருக்கு முன்னாலேயே நாங்கள் இங்கே இருந்தோமே, 1610-லிருந்து துர்கா பூஜை நடத்துகிறோமே, நாங்கள் என்ன காற்றிலா குடியிருந்தோம்?' என்பது குடும்பத்தின் கேள்வி. 2003 மே 16 அன்று ஹைகோர்ட் ஒப்புக்கொண்டது. சார்னாக் ஸ்தாபகர் இல்லை, இந்த ஊருக்குப் பிறந்தநாளே கிடையாது என்று தீர்ப்பு. வயசு கேட்டால் சொல்லத் தேவையில்லை என்று கோர்ட்டே அனுமதி கொடுத்த ஒரே மாநகரம் இதுவாகத்தான் இருக்கும்.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் என் வீட்டுக்கார அம்மா. மாஷீமா என்பேன். பரிஷாவிலேயே பிறந்து வளர்ந்தவர். ராய் சௌதுரி குடும்பம் இல்லை என்றாலும் அந்த 1,300 ரூபாய் விஷயத்தில் அவருக்கு இன்னும் ஆறவில்லை. தான் இருந்திருந்தால் இரண்டாயிரத்துக்குக் குறைந்து விட்டிருக்க மாட்டாராம். மீன்காரனிடம் அவர் பேரம் பேசுவதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கம்பெனி மதராசுக்கே திரும்பியிருக்கும்.

நான் குடிவந்த முதல் வாரம், மாஷீமா மாடிக்கு ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்தார். சாப்பிட மாட்டேன் என்றேன். "ஷொரீர் காராப்?" என்றார். உடம்பு சரியில்லையா? இல்லை, எப்போதுமே சாப்பிட மாட்டேன். முகம் வாடிவிட்டது. பிறவியிலேயே ஏதோ குறை உள்ள பிள்ளையைப் பார்க்கும் பார்வை. மறுநாள் கிண்ணம் மறுபடியும் வந்தது. இது நிராமிஷ், அதாவது சைவம், தைரியமாகச் சாப்பிடு என்றார். திறந்தால் ஆட்டுக்கறி!

மிகையில்லை. காளிக்குப் படைத்த ஆட்டை வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்தால் அதற்கு இங்கே நிராமிஷ் மாங்ஷோ என்று பெயர். சைவ ஆடு. பலாக்காய்க்கு வங்காளத்தில் செல்லப் பெயர் காச்பாட்டா, அதாவது மரத்து ஆடு. ஆட்டைச் சைவமாக்கினார்கள், பலாக்காயை ஆடாக்கினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கும்பகோணத்துக்காரன் எதை நம்பிச் சாப்பிடுவது?

அதனால்தான் சித்தப்பா வந்ததும் முதல் கேள்வியே, "முட்டை வாசனை இல்லாத இடம் ஏதாவது இருக்காடா?" என்று இருந்தது. சனிக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். சகேர் பஜாரில் மெட்ரோ ஏறி மாஜேர்ஹாட், அங்கிருந்து எப்போதாவது மனசு வைத்து வரும் சர்க்குலர் ரயிலில் கங்கைக் கரையோரமாக பிபிடி பாக். பழைய பெயர் டால்ஹவுசி. வெள்ளைக்காரன் லண்டனைப் பிரிந்த துக்கத்தில் இங்கேயே ஒரு லண்டனைக் கட்டிக்கொண்ட பேட்டை. அவன் அதற்கு வைத்த பெயர் ஒயிட் டவுன். வெள்ளைப் பட்டணம்.

ரைட்டர்ஸ் பில்டிங் என்ற பெயரைக் கேட்டதும் சித்தப்பா நெகிழ்ந்துவிட்டார். "எழுத்தாளர்களுக்கு இவ்வளவு பெரிய கட்டடமா! வங்காளி வங்காளிதாண்டா." அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை, ஆனாலும் கெடுத்தேன். ரைட்டர் என்றால் கம்பெனி குமாஸ்தா. லெட்ஜர் எழுதுகிறவன். மீசை முளைக்காத வயசில் கப்பலேறி வந்த பையன்களைத் தங்கவைக்க 1777-இல் எழும்பிய ஹாஸ்டல் அது. பையன்கள் எழுதியது கொஞ்சம், சாப்பிட்டது நிறைய.

எவ்வளவு நிறைய? எலைசா ஃபே என்ற வக்கீல் மனைவி 1780-இல் இங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார். வருகிற வழியில் கள்ளிக்கோட்டையில் ஹைதர் அலியின் ஆட்களிடம் மாட்டிச் சிறையிருந்துவிட்டு வந்த அம்மணி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அவருக்கு இங்கத்து மதியச் சாப்பாடு. நேரம், வெயில் மண்டையைப் பிளக்கும் இரண்டு மணி. மெனு: ஒரு சூப், முழுக்கோழி ரோஸ்ட், சாதமும் கறியும், ஆட்டுக்கறி பை, ஆட்டுக்குட்டியின் முன்கால் பாகம், அரிசிப் புட்டிங், டார்ட், சீஸ், வெண்ணெய், ரொட்டி, இதெல்லாம் உள்ளே இறங்க மதீரா ஒயின். கல்யாணப் பந்தி என்று நினைக்காதீர்கள். வாரநாளில் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் சாப்பிட்டது! முழு ஆடு இரண்டு ரூபாய்க்குக் கிடைத்தால் யார்தான் கத்திரிக்காய் வாங்குவார்கள்?

வில்லியம் ஹிக்கி என்று இன்னொரு வக்கீல். டைரிப் புலி. அவர் வீட்டில் வேலைக்காரர்கள் மட்டும் 63 பேர். சாப்பாட்டு மேஜையில் ரொட்டியைப் பிய்த்து மாத்திரை மாதிரி உருட்டி ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது அந்நாளைய மேல்தட்டு நாகரிகம் என்று தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறார். பார்வெல் என்ற பிரபு மூன்று நாலு கெஜ தூரத்திலிருந்து ரொட்டி உருண்டையால் மெழுகுவர்த்தியை அணைப்பாராம். அதுவும் ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து. சாம்ராஜ்ஜியம் கட்ட வந்தவர்கள் எங்கள் ஸ்கூல் ஹாஸ்டல் மெஸ்ஸில் நாங்கள் அடித்த லூட்டியைத்தான் அடித்திருக்கிறார்கள். எங்களுக்கு வார்டன் இருந்தார், அவர்களுக்கு இல்லை.

விளைவு? 'இரண்டு மழைக்காலம்தான் மனுஷ ஆயுசு' என்பது அந்நாளில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களின் பழமொழி. இங்கே மழை ஓய்ந்ததும் உயிரோடு மிச்சமிருப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். எப்படி? அதுவும் விருந்து வைத்துத்தான்.

சித்தப்பாவுக்கு இதைக் கேட்டு ஒரே குஷி. "காய்கறி தின்னிருந்தா பிழைச்சிருப்பான்கள்" என்றார். அவசரப்படாதீர்கள் சித்தப்பா. பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் ரோஸ் ஐல்மர் என்று ஒரு பெண் இருக்கிறாள். தூண் ஒன்று கோபுரம் மாதிரி திருகித் திருகி மேலே போகும், அதன் கீழே. 1800-இல் இருபது வயசில் போய்விட்டாள். அவளை நினைத்து லேண்டர் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய கவிதை ஒரு நூற்றாண்டு காதலர்களைக் கண்கலங்க வைத்தது. காலரா என்பார்கள். நம் ஹிக்கி மட்டும் வேறு காரணம் எழுதிவைத்திருக்கிறார். அளவில்லாமல் அன்னாசிப்பழம் சாப்பிட்டாளாம்! இத்தனை கோழியும் ஆடும் செய்யாத குற்றத்துக்குக் கடைசியில் கூண்டில் ஏறியது ஒரு பழம்.

இப்போது நம் கதாநாயகன். ஜான் ஜெஃபனையா ஹால்வெல். பெயரே வாய் நிறைய. டப்ளினில் பிறந்து, கத்தி பிடிக்கும் சர்ஜனாக 1732-இல் கல்கத்தா வந்து, வரி வசூல் அதிகாரியானவர். 1756-இல் நவாப் சிராஜுத்தௌலா கோட்டையை முற்றுகையிட்டபோது கவர்னர் டிரேக் துரை கப்பலேறிக் கம்பி நீட்டிவிட்டார். மிஞ்சியவர்களுக்குத் தலைவராக நின்றவர் ஹால்வெல். வீரம்! 'வீரமாவது, அவருக்குப் படகு கிடைக்கவில்லை' என்று அவருக்கு ஆகாதவர்கள் சொன்னார்கள். வரலாற்றில் பாதி வீரம் கடைசி பஸ்ஸை விட்டவர்களுடையது.

ஜூன் 20 ராத்திரி, பிடிபட்ட 146 பேரை ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள், காலையில் 23 பேர்தான் உயிரோடு வந்தார்கள் என்பது ஹால்வெல் எழுதிய கணக்கு. நாம் ஸ்கூலில் படித்த 'கல்கத்தா இருட்டறை'. அறையின் அளவு பதினெட்டடிக்குப் பதினாலடி என்று புத்தகங்கள் சொல்லும். சித்தப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பேப்பர் நாப்கினில் போட்டுப் பார்த்தார். 252 சதுர அடி. வகுத்தால் தலைக்கு ஒன்றே முக்கால் சதுர அடிகூட வரவில்லை. "முகூர்த்த நாள் டவுன் பஸ்லயே இதுக்கு மேல இடம் இருக்குமேடா" என்றார். இதே சந்தேகம் வரலாற்றாசிரியர்களுக்கும் வந்தது. பிரிஜேன் குப்தா என்ற ஆய்வாளர் கணக்கில் உள்ளே போனவர்கள் சுமார் 64, பிழைத்தவர்கள் 21. அந்த ராத்திரியில் செத்தவர்கள் செத்தவர்கள்தான், அதில் விளையாட்டில்லை. ஆனால் ஹால்வெல்லின் பேனாவில் பூதக்கண்ணாடி ஒன்று பொருத்தியிருந்தது நிச்சயம்.

அந்த ராத்திரியைப் பற்றி அவர் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. தாகம் தாங்காமல் ஹால்வெல் தன் சட்டைக் கையில் ஊறிய வியர்வையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஸ்டாக் குறைகிறது. என்னவென்று பார்த்தால் பக்கத்தில் லஷிங்டன் என்ற இளைஞர் அவருடைய இன்னொரு கையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்! சாகப் போகிற நேரத்திலும் 'இது என் சட்டை' என்ற பிராபர்ட்டி சென்ஸ் இருக்கிறது பாருங்கள், அதுதான் கம்பெனி.

இவர் எதற்கு நம் சைவச் சாப்பாட்டுக் கதையில் என்று கேட்பீர்கள். இதற்குத்தான்: வெள்ளைப் பட்டணம் பெற்றெடுத்த மகா சைவப் பிரசாரகர் இவரேதான்! ஊர் திரும்பிய பிறகு, 1765-இலிருந்து இந்துஸ்தானத்தைப் பற்றி மூன்று பாகமாகப் புத்தகம் போட்டார். அதில் சொல்கிறார்: சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட தேவதூதர்களின் ஆன்மாக்கள்தான் மிருகங்களுக்குள் குடியிருக்கின்றன. ஆட்டை வெட்டினால் நீ வெட்டுவது உன் சகோதரனை. மாமிசமும் மதுவும்தான் மனித குலத்தின் சகல கேட்டுக்கும் வேர். மதீராவில் மிதந்த ஊரிலிருந்து போன ஆள் எழுதியது இது! எலைசா ஃபேயின் ஆட்டுக்குட்டி முன்காலுக்குள் ஒரு முன்னாள் தேவதூதர் இருந்தார் என்று அந்த அம்மணிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம்? பிராமணர்களின் ஆதி சாஸ்திரச் சுவடிகளே தன்னிடம் இருந்தன என்றார். காட்டுங்களேன் என்றால், 1756 கலவரத்தில் தொலைந்துபோயின. ஹோம் ஒர்க்கை நாய் தின்றுவிட்டது மாதிரி. அவர் பெயர் சொன்ன சாஸ்திரம் எது என்று இன்றுவரை எந்தப் பண்டிதராலும் அடையாளம் காட்ட முடியவில்லை. இதை அப்படியே நம்பியவர் யார் தெரியுமா? எதையுமே நம்பாதவர் என்று உலகம் கொண்டாடும் வால்டேர். பைபிளில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தவருக்கு ஹால்வெல்லின் சாஸ்திரம் சர்க்கரைப் பொங்கல் மாதிரி வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு மழைக்காலம்தான் ஆயுசு என்ற ஊரில் இருந்தவர், இருட்டறையில் சட்டையை உறிஞ்சியவர், 1798 வரை, 87 வயசு வரைக்கும் இருந்தார். சித்தப்பா மேஜையைத் தட்டினார். "பாத்தியா!"

சாப்பாட்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் ஓட்டலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கவர்னர் மாளிகை. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799-இல் ஆரம்பித்து 1803-இல் கட்டி முடித்தது. இந்தியாவை அரண்மனையிலிருந்துதான் ஆளவேண்டும், குமாஸ்தா ஆபீஸிலிருந்து ஆளக்கூடாது என்பது அவர் கட்சி. செலவு 63,000 பவுண்டுக்கு மேல், பில் போனது லண்டன் கம்பெனி முதலாளிகளுக்கு. 1803-இல் அங்கே தடபுடலாக ஒரு விருந்து நடந்தது. தேதி, ஜனவரி 26. குடியரசு தினத்துக்கு 147 வருஷம் முன்னாலேயே ஒத்திகை பார்த்திருக்கிறார். 1805-இல் முதலாளிகள் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

மாளிகைக்கு மாடல், இங்கிலாந்தில் உள்ள கெடில்ஸ்டன் ஹால் என்ற பிரபு வீடு. நடுவில் பெரிய கட்டடம், மூலைகளில் வளைந்த தாழ்வாரத்தால் இணைத்த சிறகுகள். கெடில்ஸ்டனில் ஒரு சிறகு முழுக்கச் சமையலறை. கல்கத்தாக் காப்பியில் தூண் வந்தது, படிக்கட்டு வந்தது, சிங்கம் வைத்த வளைவு வந்தது, சமையலறை மட்டும் வரவில்லை! சமையலறை தோட்டத்துக்கு வெளியே, தெருவைத் தாண்டி. சாப்பாட்டை மரப்பெட்டியில் வைத்து, கம்பில் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு சுமார் 200 கெஜம் நடந்து வருவார்கள். ஆசியாவையே நடுங்கவைத்த கவர்னர் ஜெனரல்களும் வைஸ்ராய்களும் ஒரு நூற்றாண்டு ஆறிய சூப்பைக் குடித்தார்கள். அங்கே குடியிருந்த டஃபரின் சீமாட்டி, சமையலறை இந்த வீட்டில் இல்லை, ஊரில் எங்கேயோ இருக்கிறது என்கிற மாதிரி அலுத்துக்கொண்டு எழுதினார். ஸ்விக்கி, ஸொமாட்டோ எல்லாம் நேற்று வந்தவை சார். கல்கத்தா கவர்னர் மாளிகைதான் ஹோம் டெலிவரியில் சீனியர்.

இதில் கர்சன் பிரபுவின் பரிதாபம் தனி. அவர் பிறந்ததே அந்த அசல் கெடில்ஸ்டன் ஹாலில். 1899-இல் வைஸ்ராயாகி ஆறாயிரம் மைல் கப்பலில் வந்து இறங்கினால், எதிரே நிற்பது சொந்த வீட்டின் ஜெராக்ஸ். சமையலறை மட்டும் மிஸ்ஸிங். இந்த துரைதான், இருட்டறையில் செத்தவர்களுக்காக ஹால்வெல் எழுப்பி, 1821-இல் இடித்துத் தள்ளப்பட்ட நினைவுத் தூணை 1902-இல் மறுபடி கட்டிவைத்தவரும். பசித்த மனுஷன் என்னதான் செய்யமாட்டான்?

மாளிகைக்கு விமோசனம் சேலத்திலிருந்து வந்தது. 1947 ஆகஸ்ட் 15, மேற்கு வங்கத்தின் முதல் இந்தியக் கவர்னர் யார்? கறுப்புக் கண்ணாடி, கைத்தடி, நான்கு முழ வேட்டி. ராஜாஜி. அசல் சைவம். பத்து வருஷம் முன்னால் மதராஸ் பிரதமராக இருந்தபோது சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். வெல்லெஸ்லி பார்ட்டி வைத்த ஹாலில் சொட்டுத் தண்ணி போடாத, துண்டு மீன் தொடாத ஒரு சேலத்து வக்கீல் வந்து உட்கார்ந்தார். ஹால்வெல் மட்டும் உயிரோடு இருந்திருந்தால், வீழ்ந்த தேவதூதர்களில் ஒருவர் பிரமோஷனில் வந்துவிட்டார் என்று நாலாவது பாகம் எழுதியிருப்பார்.

அவருக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே இந்தப் பேட்டைக்கு வந்த சைவர் இன்னொருவர் உண்டு. 1907-இல் பதினெட்டு வயசில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் பெரிய உத்தியோகத்துக்கு வந்த சி.வி.ராமன். தினம் டிராமில் போகிறவர், ஒருநாள் பௌபஜார் தெருவில் 'விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம்' என்ற போர்டைப் பார்த்துக் குதித்து இறங்கினார். பகலில் கணக்கு, முன்னிரவில் ஒளி. 1930-இல் நோபல் அறிவிப்பு வரும் முன்பே ஸ்வீடனுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டாராம்! தன்னம்பிக்கை என்று சொல்வோரும் உண்டு, திமிர் என்று சொல்வோரும் உண்டு. நான் முன்பதிவின் அருமை தெரிந்த தமிழர் என்று சொல்வேன்.

பேச்சு சாப்பாட்டை விட்டு எங்கோ போய்விட்டது. மன்னிக்கவும். தாலி வந்தது. முதலில் ஷுக்தோ. வங்காளத்தில் சாப்பாடு கசப்பில்தான் ஆரம்பம். பாகற்காய், வாழைக்காய், முருங்கை, முள்ளங்கி எல்லாம் பால் விட்ட வெள்ளைக் குழம்பில். சித்தப்பா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "மருந்து மாதிரி இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல மருந்து" என்று கிண்ணத்தை வழித்தார். அடுத்து மோச்சார் கோண்டோ. வாழைப்பூவைப் பொடிப்பொடியாக நறுக்கி, உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்த்தது. "டேய், இது நம்மாத்து வாழைப்பூப் பருப்புசிலிக்கு ஒண்ணுவிட்ட அண்ணாடா!"

மாஷீமாவுக்கு ஒரே பெருமை. இதெல்லாம் யார் கண்டுபிடித்தது தெரியுமா என்றார். விதவைகள். மீன் கூடாது, ஆடு கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, மசூர் பருப்புகூடக் கூடாது என்று சமூகம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டதும், அந்தப் பெண்கள் மிச்சமிருந்த தண்டு, தோல், பூ, பிஞ்சு ஆகியவற்றை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சமையலைச் செய்துவிட்டார்கள். அவருடைய பாட்டி பதினாறு வயசில் தாலி இழந்தவர். பூசணித் தோலில் அவர் செய்யும் பொரியலுக்காக வீட்டு ஆண்கள் மீனை ஒதுக்கிவைப்பார்களாம். சித்தப்பா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

தட்டில் முட்டைக்கோஸும் இருந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் வில்லியம் கேரி. செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து மதபோதகராகி 1793-இல் வந்தவர். முதல் வங்காளியை கிறிஸ்தவராக்க அவருக்கு ஏழு வருஷம் பிடித்தது. அப்புறம் 1820-இல் விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பித்து விதை விநியோகத்தில் இறங்கினார். பெஹாலாவுக்குப் பக்கத்தில் அலிப்பூரில் அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது. இன்றைக்கு கோஸும் காலிஃபிளவரும் இல்லாத வங்காளச் சமையலறை உண்டா? வேதாகமத்துக்கு அசையாத ஊர் விதைப் பொட்டலத்துக்கு அசைந்துவிட்டது.

தோசை மாஷீமாவுக்கு. அவர் உச்சரிப்பில் தோஷா. கத்தியையும் ஃபோர்க்கையும் எடுத்து அதை மீன் மாதிரி முள்ளெடுக்கத் தயாரானார். சாம்பாரில் ஒரே ஒரு வெண்டைக்காய் மிதந்தது. கம்பெனிக் கப்பல் ஹூக்ளியில் நிற்பதுபோல், தன்னந்தனியாக, கம்பீரமாக. சித்தப்பா கரண்டியால் ஒரு சொட்டு ருசி பார்த்தார். சர்க்கரை. சாம்பாருக்குள் சர்க்கரை போட்டவனை எந்த இருட்டறையில் போடுவது என்று கேட்டார். ஒன்றே முக்கால் சதுர அடி ஒதுக்கலாம் என்று முடிவானது.

பில்லைக் கட்டிவிட்டு செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்கு நடந்தோம். கர்சன் கட்டிய ஹால்வெல் தூண் இப்போது அந்த வளாகத்தின் மூலையில் நிற்கிறது. 1940-இல் சுபாஷ் சந்திர போஸ் 'இந்தப் பொய்த்தூணை நடுரோட்டிலிருந்து எடு' என்று போராட்டம் அறிவித்து ஜெயிலுக்குப் போனார், அரசாங்கம் சத்தமில்லாமல் தூணை எடுத்துக் கல்லறைகளோடு கல்லறையாக வைத்துவிட்டது. உலகத்துக்கே சைவம் போதித்த மனிதரின் தூணடியில் ஒரு பூனை எதையோ தின்றுகொண்டிருந்தது. என்ன என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

சில அடி தள்ளி எண்கோண மண்டபம். உள்ளே, ஊருக்கு ஸ்தாபகர் இல்லை என்று கோர்ட் தீர்ப்பு வாங்கிய ஜாப் சார்னாக். கட்டியவர் அவருடைய மாப்பிள்ளை சார்லஸ் ஐர். பரிஷாவில் அந்த 1,300 ரூபாய்ப் பத்திரம் எழுதியபோது கம்பெனியின் கல்கத்தா ஏஜென்ட்டும் அவர்தான். மாமனாரைப் பற்றி ஹாமில்டன் என்ற கப்பல் கேப்டன் எழுதிவைத்த வம்பு நிறைய. வேலைக்காரர்களுக்குச் சாட்டையடி கொடுப்பதை, தான் சாப்பிடும் நேரத்தில், சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம், அலறல் காதில் விழ. இந்தியப் பெண் ஒருத்தியோடு குடும்பம் நடத்தி, அவள் இறந்த பிறகு வருஷா வருஷம் திதியன்று கல்லறையில் ஒரு சேவலைப் பலி கொடுப்பாராம். ஹாமில்டனின் வாய்க்குப் பூட்டு கிடையாது, அதனால் பாதி தள்ளுபடி. ஆனால் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689-இல் ஞானஸ்நானம் நடந்தது நம் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில். அதற்குப் பதிவே இருக்கிறது.

கல்லறைப் பலகை கருநீலமாக, எண்ணெய் தேய்த்த அம்மிக்கல் மாதிரி இருந்தது. சித்தப்பா குனிந்து தடவினார். "இந்தக் கல்லை எங்கேயோ பாத்திருக்கேன்." பார்த்திருப்பார். ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் இதை ஆராய்ந்து, இந்த வகைப் பாறைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்தார்: சார்னாக்கைட். உலகம் முழுக்க ஜியாலஜி மாணவர்கள் படிக்கிறார்கள். ஊருக்கு ஸ்தாபகர் பட்டம் பறிபோனாலும் கல்லுக்கு இனிஷியல் அவருடையதுதான்.

கல் போனது நம் பல்லாவரத்திலிருந்து. கல்கத்தா விமானம் சென்னையில் இறங்கும்போது ஜன்னலோர சீட் கிடைத்தால் எட்டிப் பாருங்கள், அந்தக் குன்றுகள் தெரியும்.